பதினோராவது பெயர்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கல்லூரிகளில் கால்பந்தும் கூடைப்பந்தும் ஆடும் பிள்ளைகள் பால் ராப்சன் கதையை அறிந்திருப்பது நல்லது. அவர் படித்த அமெரிக்கக் கல்லூரிக்கும் திண்டிவனத்துக்கும் தூரத்து உறவு ஒன்று உண்டு. ரட்கர்ஸ் என்னும் அக்கல்லூரியை 1766-இல் தொடங்கியவர்கள் டச்சு சீர்திருத்தச் சபையார். 1853-இல் ஆற்காடு மிஷனை அமைத்து, பின்பு திண்டிவனத்திலும் ஊழியம் நடத்தியது அதே சபைதான்.

ராப்சன் 1898-இல் நியூ ஜெர்சி மாகாணத்தில் பிறந்தார். தந்தை அடிமையாகப் பிறந்தவர். பதினைந்து வயதில் தப்பியோடிப் படித்துப் பாதிரியார் ஆனவர். பாலுக்கு ஆறு வயது நிறையுமுன் தாயார் தீ விபத்தில் மாண்டார்.

1915-இல் உபகாரச் சம்பளம் பெற்று ரட்கர்ஸில் சேர்ந்தபோது, அங்கே அவர் ஒருவரே கறுப்பு மாணவர். கால்பந்துக் கோஷ்டியில் சேரப் போனார். அமெரிக்கக் கால்பந்து நம்முடையதைப் போன்றதல்ல. நீள்உருண்டைப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். எதிரிகள் மேலே பாய்ந்து வீழ்த்துவார்கள். மோதல் ஆட்டத்தின் அங்கமாதலால் பகை தீர்க்கவும் வசதி. சொந்தக் கல்லூரி மாணவர்களே பாலின் மூக்கை உடைத்தார்கள், தோளைப் பிசக்கினார்கள். படுக்கையில் கிடந்து எழுந்து மறுபடியும் மைதானத்துக்குப் போனார். ஒருவன் பூட்ஸ் காலால் அவர் விரல்களை மிதித்தான், நகங்கள் பெயர்ந்தன. அடுத்த மோதலில் பால் அவனை அப்படியே தலைக்கு மேல் தூக்கிவிட்டார்! பயிற்சியாளர் ஸான்ஃபோர்டு அந்தக் கணமே அவரைக் கோஷ்டியில் சேர்த்துக்கொண்டார்.

ஆயினும் 1916-இல், கறுப்பருடன் ஆடமாட்டோம் என்று தென் மாகாணக் கல்லூரி ஒன்று அடம் பிடித்தபோது, அதே ஸான்ஃபோர்டு அவரை வெளியே உட்கார வைத்தார். மறு ஆண்டு இன்னொரு கோஷ்டி அவ்வாறே கேட்டது. இம்முறை அவர் இணங்கவில்லை.

பனிக்காலத்தில் பால் கூடைப்பந்து ஆடினார். அந்த ஆட்டம் பிறந்தே அப்போது இருபத்தைந்து ஆண்டு நிறையவில்லை. ஆறடி மூன்றங்குல உயரம் அதற்கென்றே வாய்த்ததுபோல் இருந்தது. பேஸ்பால், தடகளம் இரண்டிலும் அவர் பெயர் உண்டு. நான்கு விளையாட்டுகளிலுமாக 15 கல்லூரிச் சின்னங்கள் பெற்றார். தேசத்தின் தலைசிறந்த பதினோரு கால்பந்து வீரர்கள் பட்டியலிலும் இடம் கிடைத்தது. ஆட்டத்தால் படிப்புக் கெடும் என்னும் பெற்றோர் கவனிக்க: 1919-இல் பட்டமளிப்பு விழாவில் மாணவர் சார்பில் பேசியவர் அவரே.

வார இறுதிகளில் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடிக்கொண்டே சட்டம் படித்தார். வக்கீல் அலுவலகத்தில் வெள்ளைக்காரச் சுருக்கெழுத்துப் பெண் அவர் சொல்ல எழுத மறுத்தாள். வக்கீல் தொழிலையே விட்டார். நாடகமும் சங்கீதமும் அவரை ஏற்றுக்கொண்டன. 1943-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஒதெல்லோ நாடகம் 296 முறை நடந்தது.

அவர் பாட்டோடு நிற்கவில்லை. நிறவெறியைக் கண்டித்தார்; இந்திய விடுதலைக்காக லண்டனில் குரல் கொடுத்தார்; சோவியத் நாட்டைப் புகழ்ந்தார். கடைசியாகச் சொன்னதை நாம் முழுதும் ஒப்ப வேண்டியதில்லை. ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை அதிகம். அரங்குகள் கதவடைத்தன. 1950-இல் அமெரிக்க சர்க்கார் பாஸ்போர்ட்டைப் பறித்தது. 1957-இல் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளருக்குத் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் பாட முடிந்தது.

அதைவிட விந்தை, மைதானத்தில் பெற்றதையும் பறித்தது. அக்காலத்தில் வெளியான கால்பந்துப் பதிவேடு ஒன்றில் 1918-ஆம் ஆண்டுச் சிறந்த கோஷ்டியில் பத்தே பேர் இருந்தார்கள். பதினோராவது இடம் காலி! வேறு பெயரைப் போடக்கூட அவர்களுக்குத் துணிவில்லை போலும்.

1958 ஏப்ரலில், நாம் அறுபதாம் கல்யாணம் செய்து பார்க்கும் வயதை அவர் எட்டினார். அமெரிக்க அதிகாரிகள் தடுக்க முயன்றும், நேருவின் ஆதரவோடு இந்தியாவில் அந்நாள் கொண்டாடப்பட்டது. அவ்வாண்டே பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது. பிறகு உடல் நலிந்து, 1976 ஜனவரி 23-இல் பிலடெல்பியாவில் காலமானார்.

கல்லூரிக் கால்பந்துப் புகழ் மண்டபத்தில் 1995-இல் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.