செங் ஹே

செங் ஹே (1371 – 1433) சீனாவின் மிங் அரசமரபுக் காலத்தில் வாழ்ந்த கடற்படைத் தலைவரும் கடலோடியும் ஆவார். 1405 தொடக்கம் 1433 வரை நடைபெற்ற ஏழு பெருங்கடற்பயணங்கள் இவருடைய பெயராலேயே அறியப்படுகின்றன. இவருடைய கப்பல்கள் தென்கிழக்காசியா, இலங்கை, தென்னிந்தியா, அரபு நாடுகள், கிழக்காபிரிக்கா ஆகியவற்றின் துறைமுகங்களுக்குச் சென்றன. இவர் இலங்கையில் நாட்டுவித்த மும்மொழிக் கல்வெட்டில் தமிழும் ஒரு மொழியாகும். மலேசியாவின் மலாக்கா நகரில் இவருக்கெனத் தனி அருங்காட்சியகம் உள்ளது.

இளமை

செங் ஹே, யுன்னான் மாகாணத்தின் குன்யாங் என்னும் ஊரில் முசுலிம் குடும்பமொன்றில் பிறந்தார். இயற்பெயர் மா ஹே. சிறுவயதில் சன்பாவ் என்றும் அழைக்கப்பட்டார். முன்னோருள் ஒருவர் நடு ஆசியாவின் புகாராவிலிருந்து வந்து, மங்கோலியர் ஆட்சியில் யுன்னானின் ஆளுநராக இருந்தவர். தந்தை, பாட்டன் இருவரும் மக்காவுக்குப் பயணம் சென்று வந்தவர்கள். எனவே கடலுக்கு அப்பாலுள்ள நாடுகளைப் பற்றிய செய்திகள் இவருக்கு இளமையிலேயே கிடைத்திருக்கக்கூடும்.

1381 இல் மிங் படைகள் யுன்னானைத் தாக்கியபோது தந்தை இறந்தார். சிறுவன் மா ஹே சிறைபிடிக்கப்பட்டு, ஆண்மை நீக்கப்பட்டு, இளவரசர் சூ டியின் பணியாளனாக ஆக்கப்பட்டான். தன் குடும்பத்தை அழித்த அரசுக்கே பின்னாளில் அவன் உலகறிந்த தொண்டனாக விளங்கியது வியப்புக்குரியது. 1402 இல் சூ டி உள்நாட்டுப் போரில் வென்று யொங்லே பேரரசரானார். போரில் ஆற்றிய பணிக்காக 1404 இல் மா ஹேக்குச் செங் என்னும் குடும்பப்பெயர் வழங்கப்பட்டது.

கடற்பயணங்கள்

முதற் பயணம் 1405 இல் தொடங்கியது. இதில் ஏறத்தாழ 27,800 பேர் சென்றதாகச் சீனப் பதிவுகள் கூறுகின்றன. ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர், 1497 இல் வாஸ்கோ ட காமா லிஸ்பனிலிருந்து நான்கு கப்பல்களுடனேயே புறப்பட்டார் என்பதைக் கருதலாம். செங் ஹேயின் மிகப் பெரிய கப்பல்கள் 44 சாங் நீளமானவை என மிங் வரலாறு குறிப்பிடுகிறது. இது 120 மீட்டருக்கும் அதிகம். மரத்தால் இவ்வளவு நீளமான கப்பலைக் கட்டினால் அது கடலலையில் வளைந்து முறியாதிருக்குமா என்னும் ஐயம் கப்பற் பொறியியலாளரிடம் உண்டு. எனினும், 1957 இல் நாஞ்சிங் கப்பல் கட்டுதளத்தில் 11 மீட்டர் நீளமான சுக்கான் தண்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது.

முதல் மூன்று பயணங்களில் கோழிக்கோடே கடைசித் துறையாக இருந்தது. நான்காவது பயணம் பாரசீக வளைகுடாவின் ஹோர்முசு வரையும், ஐந்தாவது ஏடன், மொகடிசு, மலிந்தி வரையும் நீண்டன. சீனர் குறிப்பிடும் துறைகளுள் ஒன்றைத் தமிழகத்தின் காயல் என ஆய்வாளர் அடையாளம் காண்பர். பயணத்தில் உடன்சென்ற மொழிபெயர்ப்பாளர் மா குவான் எழுதிய நூல், கொச்சி, கோழிக்கோடு முதலிய ஊர்களின் அன்றைய வாழ்க்கையை அறிய முதன்மைச் சான்றாகும்.

மும்மொழிக் கல்வெட்டு

1911 இல் இலங்கையின் காலி நகரில், வடிகாலை மூடும் பலகையாகக் கிடந்த கல்லொன்றைப் பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தார். அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுத்துகள் இருந்தன. 1409 ஆம் ஆண்டுக்குரிய இக்கல், சீனாவில் பொறிக்கப்பட்டு, மூன்றாம் பயணத்தில் கொண்டுவரப்பட்டது எனக் கருதப்படுகிறது. இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

மூன்று பகுதிகளும் ஒன்றன் மொழிபெயர்ப்பு மற்றொன்று அல்ல. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாரை, அதாவது தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த திருமாலைப் போற்றுகிறது. மிகவும் தேய்ந்துபோன பாரசீகப் பகுதி இசுலாம் சார்ந்தது. ஆனால் காணிக்கைப் பட்டியல் ஏறத்தாழ ஒன்றே. 1,000 பொன், 5,000 வெள்ளி, பட்டுத்துணிகள், நறுமண எண்ணெய் ஆகியவை அதில் அடங்கும். மூன்று சமயத்தாருக்கும் சமமாகக் கொடுத்ததாகக் காட்டுவதே நோக்கமாதல் வேண்டும். சிங்களம் இடம்பெறாது தமிழ் இடம்பெற்றமை, அக்காலக் கடல் வணிகத்தில் தமிழுக்கு இருந்த இடத்தைக் காட்டுகிறது. தெவிநுவரைக் கோயிலைப் போர்த்துக்கீசர் 1588 இல் இடித்தனர்.

காணிக்கை கொண்டுவந்த அதே பயணத்திலேயே போரும் நிகழ்ந்தது. கப்பல்களைக் கொள்ளையிட முயன்றதாகக் கூறி, அழகக்கோனார் என்னும் இலங்கை ஆட்சியாளரைச் செங் ஹே குடும்பத்துடன் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுசென்றார். பேரரசர் பின்னர் அவரை விடுவித்தார். இந்நிகழ்ச்சியின் விவரங்கள் பெரும்பாலும் சீனத் தரப்பினர் எழுதியவையே என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

இறுதிக் காலம்

1424 இல் யொங்லே இறந்ததும் புதிய பேரரசர் பயணங்களை நிறுத்தினார். செங் ஹே நாஞ்சிங் நகரின் காவற்படைத் தலைவராக அமர்த்தப்பட்டார். அடுத்து வந்த பேரரசர் காலத்தில், 1431 இல், ஏழாவது பயணம் புறப்பட்டது. அதிலிருந்து திரும்பும் வழியில் 1433 இல் கோழிக்கோட்டில் இறந்தார் என்பது பரவலான கருத்து. 1435 இல் நாஞ்சிங்கில் இறந்ததாகக் கூறுவோரும் உளர். நாஞ்சிங்கில் உள்ள கல்லறையில் அவருடைய உடல் இல்லை என்றே நம்பப்படுகிறது.

அதன்பின் இத்தகைய பயணம் எதுவும் நிகழவில்லை. வடக்கெல்லையில் மங்கோலியர் அச்சுறுத்தலும், பயணச் செலவைக் கண்டித்த அரசவை அறிஞரின் எதிர்ப்பும் முக்கிய காரணங்களாகும். பயண ஆவணங்களிற் பெரும்பகுதி மறைந்துவிட்டது. இவ்வெற்றிடமே பிற்காலக் கற்பனைகளுக்கும் இடமளித்தது. செங் ஹேயின் கப்பல்கள் அமெரிக்காவை அடைந்தன என 2002 இல் வெளிவந்த நூலொன்றின் கூற்றை வரலாற்றாய்வாளர்கள் ஏற்பதில்லை.

மலாக்கா அருங்காட்சியகம்

சீனாவில் மறக்கப்பட்ட காலத்திலும் தென்கிழக்காசியச் சீனர் இவரை மறக்கவில்லை. முசுலிமாகப் பிறந்த இவர், சாவகத்தின் செமாராங் நகரிலுள்ள சாம் போ கொங் கோயிலில் தெய்வமாக வணங்கப்படுகிறார்.

மலாக்கா, பயணங்களின்போது சரக்குகளைச் சேர்த்துவைத்துப் பருவக்காற்றுக்காகக் காத்திருக்கும் இடமாக இருந்தது. மதிலும் நான்கு வாயில்களும் கொண்ட பண்டகசாலை ஒன்று அங்கிருந்ததை மா குவான் விவரித்துள்ளார். அது அமைந்திருந்ததாகக் கருதப்படும் ஆற்றங்கரைப் பகுதியிலேயே செங் ஹே பண்பாட்டு அருங்காட்சியகம் உள்ளது. இதனை நிறுவியவர் ஆய்வாளர் டான் தா சென். பழைய கடைவீடுகளை இணைத்து அமைக்கப்பட்ட இதில் கப்பல் மாதிரிகளும் பயணங்களை விளக்கும் காட்சிகளும் வைக்கப்பட்டுள்ளன.

முதற் பயணத்தின் 600 ஆம் ஆண்டு நிறைவான 2005 இல், சீன அரசு சூலை 11 ஆம் நாளைக் கடற்பயண நாளாக அறிவித்தது.