காலையில கார் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதா? கெட்டரிங் கதையைக் கேளுங்க!

குளிரான ஒரு காலை. சாவியைத் திருப்புறீங்க. கார் இழுத்து இழுத்து, ரெண்டு தடவை இருமி, நடுங்கிக்கிட்டே ஸ்டார்ட் ஆகுது. எரிச்சலா இருக்குதானே? 1910-ல் கார் வைத்திருந்தவரின் காலையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

காருக்கு முன்னால் போய் நின்று, இரும்புக் கைப்பிடியை மாட்டி, தம் பிடித்துச் சுற்ற வேண்டும். குளிரில் ஆயில் கெட்டியாகியிருக்கும், இன்ஜின் லேசில் அசையாது. பெட்ரோலும் சரியாக ஆவியாகாது. ஸ்பார்க் கொஞ்சம் முந்தி வந்துவிட்டால் இன்ஜின் பின்பக்கமாக உதைக்கும். கைப்பிடி திரும்பி வந்து மணிக்கட்டை உடைத்துவிடும். நின்றுபோன காரைக் கிளப்பப்போய், கைப்பிடி தாடையில் அடித்து ஒருவர் உயிரையே விட்டார் என்ற கதை அன்றைய கார் உலகில் பரவலாகப் பேசப்பட்டது.

அந்தக் கைப்பிடிக்கு விடை கொடுத்தவர் சார்லஸ் கெட்டரிங்.

கல்லாப்பெட்டி கொடுத்த ஐடியா

1876-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கண் கோளாறால் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு, டெலிபோன் கம்பம் நடும் கூட்டத்தோடு வேலை பார்த்தார். திரும்பப் போய் 1904-ல் பட்டம் வாங்கியபோது வயது 27. உங்க செட்டுல எல்லாரும் செட்டில் ஆகிட்டாங்கன்னு கவலைப்படுறீங்களா? இவரை நினைச்சுக்கோங்க.

முதல் வேலை, கடைகளுக்கான கல்லாப்பெட்டி செய்யும் கம்பெனியில். கையால் இயக்கிய கல்லாப்பெட்டிக்கு அவர் மின்மோட்டார் பொருத்தினார். அங்கேதான் முக்கியமான ஒரு விஷயம் பிடிபட்டது. மோட்டார் நாள் முழுக்க ஓடப்போவதில்லை, பெட்டியைத் திறக்கும் சில நொடிகள் மட்டும்தான் வேலை. அந்தச் சில நொடிகளுக்கு, ஒரு சின்ன மோட்டாரை அதன் சக்திக்கு மீறி வேலை வாங்கினாலும் ஒன்றும் ஆகாது.

பிறகு டேடன் நகரில், நண்பர் எட்வர்ட் டீட்ஸின் கொட்டகையில் சிறு குழுவோடு ‘டெல்கோ’ கம்பெனியைத் தொடங்கினார். காடிலாக் கார் கம்பெனியின் ஹென்றி லேலண்ட், கைப்பிடி இல்லாமல் ஸ்டார்ட் ஆகும் கார் வேண்டும் என்றார். அதற்குப் பெரிய மோட்டாரும் பெரிய பேட்டரியும் வேண்டும், காரில் இடமே இருக்காது என்பதுதான் பலரின் கணக்கு. கெட்டரிங் கல்லாப்பெட்டிக் கணக்கைப் போட்டார். 1911 பிப்ரவரியில் சோதனைக் கார் ரெடி. இன்ஜினைக் கிளப்பிவிட்ட அதே மோட்டார், ஓட ஆரம்பித்ததும் ஜெனரேட்டராக மாறி பேட்டரியை சார்ஜ் செய்தது. 1912 மாடல் காடிலாக்கில் அது விற்பனைக்கே வந்தது. கை பலம் இல்லாதவர்களும் தனியாக காரை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்றானது.

பழி ஒருபக்கம், கோளாறு வேறுபக்கம்

அடுத்து ஒரு சிக்கல். புதுக் கார்கள் மேடு ஏறும்போது இன்ஜின் டக் டக் என்று அடித்தது. நம்ம மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்களே, அதேதான். பழி டெல்கோவின் இக்னிஷன் மேல் விழுந்தது. கெட்டரிங் மறுத்துப் பேசிக்கொண்டிருக்காமல், தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் இன்ஜினீயரைச் சோதனையில் இறக்கினார்.

குறை இக்னிஷனில் இல்லை, எரிபொருள் எரியும் விதத்தில் இருந்தது. பனியிலும் பூக்கும் ஒரு செடியின் இலை சிவப்பாக இருப்பதைப் பார்த்து, எண்ணெய்க்குச் சிவப்பு நிறம் சேர்த்தால் வெப்பத்தை நன்றாக உறிஞ்சுமே என்று நினைத்தார்கள். கையில் கிடைத்த அயோடினைக் கலந்தார்கள். சத்தம் குறைந்தது! ஆனால், வேறு சிவப்புச் சாயங்கள் ஒன்றுமே செய்யவில்லை. காரணம் நிறமல்ல, அயோடின்தான். ஊகம் தப்பு, ஆனால் அதைச் சோதித்ததால்தான் வழி திறந்தது.

அந்தத் தேடல் 1921 டிசம்பரில் முடிந்த இடம்தான் சோகம். அவர்கள் கண்டுபிடித்தது ஈயம் கலந்த ஒரு திரவம். துளி கலந்தாலே நாக்கிங் போச்சு. ஈயம் விஷம் என்பது அன்றைக்கே தெரியும். 1924-ல் நியூ ஜெர்சி ஆலை ஒன்றில் அதைக் கையாண்ட தொழிலாளர்கள் புத்தி பேதலித்து இறந்தார்கள். ஆல்கஹாலும் நாக்கிங்கைக் குறைக்கும் என்பது கெட்டரிங் குழுவுக்கே தெரியும். ஆனாலும் வியாபாரம் ஈயத்தோடு ஓடியது, அதை விற்ற கம்பெனியின் முதல் தலைவரும் அவர்தான். பல தலைமுறைக் குழந்தைகள் அந்தப் புகையைச் சுவாசித்தார்கள். இந்தியா அதை நிறுத்தியது 2000-ல். உலகின் கடைசி பங்க்கில் அது நின்றது 2021-ல், அல்ஜீரியாவில்.

புற்றுநோய் ஆராய்ச்சிக்காக நியூயார்க்கில் 1945-ல் உருவான நிறுவனத்திலும் அவர் பெயர் இருக்கிறது. 1958-ல் இறக்கும்போது 186 பேட்டன்ட்கள். கை உடைவதைத் தடுத்தவரும் அவர்தான், காற்றில் ஈயம் கலந்தவரும் அவர்தான். ரெண்டையும் சேர்த்துத்தான் அவரை நினைக்க முடியும்.

இப்போ உங்க காருக்கு வருவோம்

காலையில் மக்கர் பண்ணினா, உடனே ஒரு பார்ட் மேல பழியைப் போட்டு மாத்தாதீங்க. முதல்ல காதைக் கொடுங்க.

இன்ஜின் மெதுவா, இழுத்து இழுத்துச் சுத்துதா? பேட்டரியையும், வெள்ளையா பூத்துப்போன டெர்மினலையும் பாருங்க. சொன்னதைவிட கெட்டியான ஆயில் ஊத்தியிருந்தாலும் இப்படி ஆகும்.

வேகமா சுத்துது, ஆனா பத்த மாட்டேங்குதா? பெட்ரோல் பிரஷரையும் ஸ்பார்க்கையும் செக் பண்ணச் சொல்லுங்க.

ஸ்டார்ட் ஆகி நடுங்குது, சூடானதும் சரியாகிடுதா? ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார்னு வரிசையா சோதிக்கணும். அந்த சென்சார் இன்ஜின் ஏற்கெனவே சூடா இருக்குன்னு தப்பாச் சொன்னா, குளிருக்குத் தேவையான கூடுதல் பெட்ரோல் போகாது.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செஞ்சு பாருங்க. அப்போதான் எது சரிபண்ணுச்சுன்னு தெரியும். சரியானதும் இன்னொரு கேள்வியும் கேளுங்க: இந்த ரிப்பேர் வேற எதையாவது கெடுக்குதா? கெட்டரிங் கேட்காமல் விட்ட கேள்வி அது.