பலவங்கர் பாலு

பாரத நாட்டுக் கிரிக்கட் வரலாற்றில் நாம் மறக்கலாகாத பெயர் பலவங்கர் பாலு. தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான சமூகமொன்றில் 1876ஆம் ஆண்டு பிறந்த இவர், பூனாவில் வெள்ளையரின் மைதானத்தைச் செப்பனிடும் ஊழியராயிருந்தார். அங்கே துடுப்பெடுத்துப் பயில்வோருக்குப் பந்து வீசி வீசியே இடக்கைச் சுழற்பந்தில் வல்லவரானார்.

பூனா இந்துக்கள் அவரைத் தம் அணியிற் சேர்த்துக்கொண்டனர்; தேநீரை மட்டும் மண்டபத்துக்கு வெளியே மட்குவளையிற் கொடுத்தனர். 1906இல் பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களால் வென்றபோது அவ்வெற்றிக்குப் பெருந்துணை பாலுவின் பந்துவீச்சே. 1911இல் இங்கிலாந்து சென்று 114 விக்கட்டுகளை வீழ்த்தினார். இருந்தும் இந்து அணியின் தலைவராக அவர் ஒருபோதும் தெரிவு செய்யப்படவில்லை. 1923இல் அவர் தம்பி வித்தல் தலைமையில் இந்துக்கள் ஐரோப்பியரை வென்றனர். அன்று மேற்குல ரசிகரே வித்தலைத் தோளிற் சுமந்து ஆரவாரித்தனர். 1955இல் பாலு காலமானார்.

தம்மவர் வென்றார் என்று பூரிக்கும் நாம், தம்மவர் என்ற சொல்லுக்குள் யாரை அடக்குகிறோம், யாரை வாசலில் நிறுத்துகிறோம் என்பதையும் எண்ணவேண்டும். காத்தான்குடியிலும் ஆரையம்பதியிலும் பந்தெடுக்கும் இளைஞருக்குப் பாலுவின் வாழ்வு விட்டுச்சென்ற பாடம் இதுவே.