செய்தியைப் படிக்கக் கற்பித்தவர்

நுழையும்முன்

அச்சில் வருவதெல்லாம் உண்மை என நம்புவது எளிது. அதனை எழுதியவர் யார், எவருடைய நலனுக்காக எழுதினார், எதனைக் கூறாமல் விட்டார் என வினவுவது அரிது. அடிமைப்பட்டிருந்த நாட்டில் இவ்வினாக்களை மக்களிடையே எழுப்பியவர், ஆசிரியப் பணியிலிருந்து இதழியலுக்கு வந்த ஜி. சுப்பிரமணிய ஐயர்.

ஐந்தாற்றங்கரையில்

காவிரிப்படுகையின் தலைவாயிலில் அமைந்தது திருவையாறு. ஐந்தாறுகளுள் ஒன்றான குடமுருட்டி அங்கிருந்து கிழக்கே ஓடிப் பாபநாசத்து வயல்களையும் வளப்படுத்துகிறது. நெல் விளையும் அந்நிலத்தில் கல்வியும் விளைந்தது. ஆயினும் ஊர்க்கட்டுப்பாடும் சாதிப்பற்றும் அங்கு ஆழ வேரூன்றியிருந்தன. அம்மண்ணில் 1855ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 19ஆம் நாள் சுப்பிரமணிய ஐயர் பிறந்தார். தந்தையார் கணபதி தீட்சிதர், முன்சீப் நீதிமன்றத்தில் வழக்குரைத்தவர். இளமையிலேயே தந்தையை இழந்த சுப்பிரமணியர், திருவையாற்றிலும் தஞ்சைத் தூய பேதுரு கல்லூரியிலும் பயின்றார். பின்னர்ச் சென்னையில் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளி ஆசிரியரானார். பணியாற்றிக்கொண்டே தனித்தேர்வராக எழுதி 1877இல் இளங்கலைப் பட்டமும் பெற்றார்.

ஒரு பணியமர்த்தமும் ஓர் இதழும்

1878ஆம் ஆண்டில் தி. முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தப்பட்டார். அப்பதவியை அடைந்த முதல் இந்தியர் அவரே. வறுமையில் வளர்ந்து, தம் அறிவாற்றல் ஒன்றையே துணையாகக்கொண்டு உயர்ந்த அவரும் தஞ்சை மண்ணைச் சேர்ந்தவர். ஆங்கிலேயர் நடத்திய சென்னை நாளேடுகள் இப்பணியமர்த்தத்தைக் கடுமையாக எதிர்த்தன. அவரது சட்டப்புலமையில் குறை காண இயலாத நிலையிலும், இந்தியர் ஒருவர் அவ்விருக்கையில் அமர்வதையே அவை பொறுக்கவில்லை. இனவெறுப்பு, பொதுநலக் கருத்து என்னும் போர்வையில் அச்சேறியது. அதனை மறுத்துரைக்க இந்தியரிடம் ஏடு எதுவும் இல்லை.

திருவல்லிக்கேணியில் ஒரு கழகத்தில் கூடி விவாதித்துவந்த இளைஞர் அறுவர், மறுமொழி சொல்ல முடிவெடுத்தனர். அவர்களுள் நால்வர் சட்டம் பயின்ற மாணவர். சுப்பிரமணிய ஐயரும் மு. வீரராகவாச்சாரியாரும் ஆசிரியர்கள். ஒன்றேமுக்கால் ரூபாயைக் கடனாகப் பெற்று, 1878 செப்டம்பர் 20 அன்று 'தி இந்து' வார இதழின் முதற்படியை வெளியிட்டனர். எட்டுப் பக்கம் கொண்ட அவ்விதழ் எண்பது படிகளே அச்சிடப்பட்டது; விலை நான்கு அணா. ஆசிரியர் பொறுப்பை ஏற்ற சுப்பிரமணிய ஐயருக்கு அப்போது வயது இருபத்துமூன்று.

சேலம் தந்த பாடம்

இளைய இதழுக்கு விரைவிலேயே பெருஞ்சோதனை வந்தது. 1882ஆம் ஆண்டு சேலத்தில், ஊர்வலம் செல்லும் வழியில் அமைந்த பள்ளிவாசல் தொடர்பாக இந்துக்களுக்கும் இசுலாமியருக்கும் பூசல் மூண்டு கலவரமாயிற்று. உயிரிழப்பும் பேரழிவும் நேர்ந்தன. வன்முறையை எவரும் நியாயப்படுத்த இயலாது. ஆனால் அதன்பின் நடந்த விசாரணை மற்றோர் அநீதியாக மாறியது. மக்களிடையே மதிப்புப்பெற்றிருந்த வழக்கறிஞர் சி. விஜயராகவாச்சாரியார், கலவரத்தைத் தூண்டியவராகக் குற்றம் சாட்டப்பட்டுப் பத்தாண்டு நாடு கடத்தல் தண்டனை பெற்றார்.

கலவரக் காலத்தில் அச்சமும் சினமும் மேலோங்கும். சான்றுகளை ஆராயும் பொறுமை குன்றும். அத்தகைய சூழலில் சுப்பிரமணிய ஐயர், ஆளுநர் கிராண்ட் டஃப் தலைமையிலான அரசு இந்நிகழ்வைக் கையாண்ட முறையைத் துணிந்து கண்டித்து எழுதினார். பின்னர் உயர்நீதிமன்றம் விஜயராகவாச்சாரியாரைக் குற்றமற்றவரென விடுவித்தது. குற்றம் சாட்டப்படுவதும் குற்றம் மெய்ப்பிக்கப்படுவதும் ஒன்றல்ல என்னும் பாடத்தைச் சேலம் வழக்கு நாட்டுக்கு உணர்த்தியது.

தாய்மொழியில் செய்தி

ஆங்கில ஏடு, கற்றோர் சிலரையே சென்றடையும். உழவரும் வணிகரும் தங்கள் மொழியில் நாட்டுநடப்பை அறியாவிடில் விடுதலையுணர்வு எங்ஙனம் வேரூன்றும்? இவ்வுணர்வினால் 1882இல் 'சுதேசமித்திரன்' என்னும் தமிழ் வார இதழைச் சுப்பிரமணிய ஐயர் தொடங்கினார். அரசியல், பொருளியல், சட்டம் ஆகிய துறைச் செய்திகளை எளிய தமிழில் எழுதும் மரபு அன்று உருவாகியிருக்கவில்லை. வேண்டிய சொற்களைத் தேடியும் ஆக்கியும் அம்மரபு வளர்க்கப்பட்டது. எழுத்தறிந்த ஒருவர் திண்ணையில் அமர்ந்து படிக்க, எழுத்தறியாத பலர் சூழ்ந்து கேட்பது அக்காலத்து வழக்கம். ஆகவே ஓர் இதழின் குரல், அச்சான படிகளின் எண்ணிக்கையைக் கடந்து ஒலித்தது.

1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசு மாநாட்டின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் அவரே. இந்திய ஆட்சி நடைபெறும் முறையை ஆராய விசாரணைக்குழு வேண்டும் என்பது அத்தீர்மானம். 1888இல் திருவல்லிக்கேணியில் ஆரியன் உயர்நிலைப் பள்ளியை நிறுவித் தம் ஆசிரியப் பணியையும் தொடர்ந்தார். 1897இல் இலண்டன் சென்று வெல்பி ஆணையத்தின்முன் இந்திய மக்களின் பொருளாதார நிலையை எடுத்துரைத்தார்.

இல்லத்தில் தொடங்கிய சீர்திருத்தம்

அயலாரின் வெறுப்பைச் சுட்டுவது எளிது. தம்மவரின் கொடுமையைச் சுட்டுவது கடினம். இளம்பருவத்திலேயே கணவனை இழந்த பெண்களை, வாழ்நாள் முழுதும் இருளில் வைத்திருந்தது அன்றைய சமூகம். குழந்தை மணத்தையும் கைம்மைக் கொடுமையையும் எதிர்த்துச் சுப்பிரமணிய ஐயர் எழுதிவந்தார். அத்துயரம் அவரது இல்லத்திலேயே நேர்ந்தது; அவருடைய மகள் சிறுவயதிலேயே கைம்பெண் ஆனார்.

எழுத்தில் ஒன்றும் வாழ்வில் ஒன்றுமாக நடக்க அவர் உள்ளம் இசையவில்லை. 1889இல் காங்கிரசு மாநாட்டிற்காகப் பம்பாய் சென்றபோது, அங்கேயே மகளுக்கு மறுமணம் செய்வித்தார். உறவினரும் சாதியினரும் அவரை விலக்கிவைத்தனர். கத்தியின்றிக் குருதியின்றி ஒரு குடும்பத்தையே தனிமைப்படுத்தும் இச்செயலும் வன்முறையின் ஒரு வடிவமே. அவ்வலியை அவர் தாங்கினார், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சமூகச் சீர்திருத்தம் குறித்த அவரது கடுமையான எழுத்து, இதழின் வாசகர் பலருக்கும் கசந்தது. இத்தகைய கருத்து வேறுபாடுகளுக்கும் பொருள்நெருக்கடிக்கும் இடையில், தாம் இருபது ஆண்டுகள் வளர்த்த 'தி இந்து'விலிருந்து 1898இல் விலகினார்.

இறுதிக் காலம்

1899இல் 'சுதேசமித்திரன்' நாளிதழாக மலர்ந்தது. 1904இல் பாரதியார் அவ்விதழின் துணையாசிரியராகப் பணியேற்றார். தமிழ்ப் பெருங்கவிஞர் ஒருவர் இதழாளராகப் பயிற்சி பெற்ற களம் அதுவே. சுதேசி இயக்கம் பரவிய காலத்தில் அரசின் அடக்குமுறையை எதிர்த்து எழுதியமைக்காக 1908இல் சுப்பிரமணிய ஐயர் கைது செய்யப்பட்டார். முன்னரே நோயுற்றிருந்த அவரது உடலைச் சிறைத்துன்பம் மேலும் வாட்டியது. விடுதலைக்குப் பின்னும் நோயின் பிடி தளரவில்லை. 1915இல் இதழை அ. ரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்படைத்தார்; 1916 ஏப்ரல் 18 அன்று மறைந்தார்.

எண்பது படிகளோடு தொடங்கிய இதழ் இன்றும் வெளிவருகிறது. செய்திகளோ அச்சுத்தாளைக் கடந்து கைப்பேசித் திரையில் நொடிக்கு நொடி வந்து குவிகின்றன. இன்னாரை வெறுத்திடுக என ஒரு செய்தி மறைமுகமாகத் தூண்டும்போது, அதன் சான்றையும் அதனால் பயன்பெறுவோரையும் ஆராய்வதே சுப்பிரமணிய ஐயரின் வாழ்வு காட்டும் வழி. அவ்வாராய்ச்சியைப் பிறர் சொல்லிலிருந்து மட்டுமன்றித் தம் இல்லத்திலிருந்தும் தொடங்கவேண்டும் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.