மறக்கக் கூடாத முகம்: டி.ஏ.மதுரம்



பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனை உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர் எதிரில் இடுப்பில் கை வைத்து நின்று, அவர் ஒன்று சொன்னால் இரண்டாகத் திருப்பிக் கொடுக்கும் பெண்மணியையும் பார்த்திருப்பீர்கள். அவர்தான் டி.ஏ.மதுரம். கலைவாணரின் மனைவி, ஜோடி நடிகை என்று ஒரே வரியில் அவரைச் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் அடங்காத வாழ்க்கை அவருடையது.

மதுரம் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். 1936-இல் வெளிவந்த ‘வசந்தசேனா’ படத்துக்காகப் புனேவுக்குப் போன குழுவில் அவரும் கிருஷ்ணனும் இருந்தார்கள். வழியில் குழுவினரின் சாப்பாட்டுக்கே பணம் போதாமல் போக, மதுரத்திடம் கடன் வாங்கித்தான் கிருஷ்ணன் சமாளித்தார் என்று சொல்வார்கள். அந்தப் பழக்கம் திருமணத்தில் முடிந்தது. கிருஷ்ணனுக்கு ஊரில் ஏற்கெனவே மனைவி உண்டு என்பது மதுரத்துக்குப் பிறகுதான் தெரிய வந்தது. கோபம் இருந்திருக்கும், ஆனாலும் அவர் விலகிப் போகவில்லை.

அந்தக் காலத்தில் நகைச்சுவைப் பகுதி பெரும்பாலும் படத்தின் கதையோடு ஒட்டாமல் தனியாக ஓடும். கிருஷ்ணன் தன் குழுவோடு உட்கார்ந்து அதைத் தயாரித்துக் கொடுப்பார். அதில் மதுரத்துக்குக் கிடைத்த இடத்தைக் கவனியுங்கள். அடி வாங்கி அழுது சிரிக்க வைக்கும் பெண் அல்ல அவர். கணவன் அளக்கும்போது குறுக்குக் கேள்வி கேட்பார், புத்தி சொல்வார். கடைசியில் அசடு வழிவது கிருஷ்ணன்தான். தன் பாட்டைத் தானே பாடவும் செய்வார். சகுந்தலை, அசோக்குமார், கண்ணகி, சிவகவி என்று அன்றைய பெரிய படங்கள் பலவற்றில் இந்த ஜோடி இருந்தது. நம் தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. அந்தச் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் 1940-இல் எடுத்த ‘உத்தம புத்திரன்’ படத்திலும் இருவரும் உண்டு.

1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வெளியானது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் அது. படம் வந்த சில வாரங்களில், நவம்பரில், லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். டிசம்பரில் படத்தின் கதாநாயகன் தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. தியேட்டரில் ஜனங்கள் இந்த ஜோடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, ஜோடியில் ஒருவர் சிறையில் இருந்தார்.

மதுரத்தின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். கிருஷ்ணன் கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவர். சேர்த்து வைக்கத் தெரியாதவர். வழக்கோ லண்டன் பிரிவி கவுன்சில் வரை போக வேண்டியிருந்தது. அதற்குப் பணம் வேண்டும். இன்னொரு பக்கம், கிருஷ்ணனை நம்பி நடிகர்களும் அவர்களின் குடும்பங்களும் இருந்தன. பிறந்தகத்துக்குப் போய்விட்டிருந்தால் மதுரத்தை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் போகவில்லை. எஸ்.வி.சகஸ்ரநாமத்தைப் பொறுப்பில் வைத்து, என்.எஸ்.கே. நாடக சபாவை நடத்தினார். இடையில் மனத்தாங்கல் வந்து கே.ஆர்.ராமசாமி பிரிந்து போய்த் தனிச் சபை தொடங்கினார். அப்போதும் மதுரம் நிறுத்தவில்லை. சபாவின் ‘பைத்தியக்காரன்’ நாடகத்தை, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் என்.எஸ்.கே. பிக்சர்ஸ் படமாகவே எடுக்க ஆரம்பித்தார். அதில் அவருக்கு இரட்டை வேடம். அப்போது பெரிய பெயர் எடுத்திராத எம்.ஜி.ஆருக்கும் ஒரு வேடம் கிடைத்தது.

லண்டனில் டி.என்.பிரிட் வாதாடினார். பிரிவி கவுன்சில் வழக்கைத் திரும்ப விசாரிக்கச் சொல்லி அனுப்பியது. சென்னையில் கிருஷ்ணனுக்காக வி.எல்.எத்திராஜ் வாதாட, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். பாதி முடிந்திருந்த ‘பைத்தியக்கார’னில் கிருஷ்ணனுக்காகப் புதிய காட்சிகள் சேர்க்கப்பட்டன. அந்த வருடமே படம் வெளிவந்தது. சிறையிலிருந்து வந்த மனிதர் வேலை தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அவருடைய சபாவும் கம்பெனியும் அவருக்காகக் காத்திருந்தன. காக்க வைத்தவர் மதுரம்.

பிறகு பத்தாண்டுகள் நல்ல காலம். அண்ணாவின் எழுத்தில் வந்த ‘நல்லதம்பி’ (1949), ‘மணமகள்’ (1951), ‘மதுரை வீரன்’ (1956) என்று ஜோடி மறுபடியும் வலம் வந்தது. வீட்டுக்குள் ஒரு துக்கம் மட்டும் ஆறவில்லை. பிறந்த ஒரே பெண் குழந்தை கைக்குழந்தையாகவே இறந்துபோயிருந்தது. கணவருக்கு வாரிசு வேண்டும் என்று தன் தங்கையையே அவருக்கு மணம் முடித்து வைத்தார் மதுரம். இன்று இதைக் கேட்டால் நமக்கு நெருடும். அவர் அதை மனத்தாங்கலோடு செய்தாரா, மனதாரச் செய்தாரா என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல நாம் யார்? தங்கை பெற்ற பிள்ளைகளால் அந்த வீடு நிறைந்தது.

1957 ஆகஸ்ட் 30-இல், 49 வயது முடியும் முன்பே கிருஷ்ணன் காலமானார். அதன் பின் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்து, 1974 மே மாதத்தில் மதுரம் மறைந்தார். கலைவாணர் பெயரில் அரங்கம் இருக்கிறது, சிலை இருக்கிறது. மதுரத்தின் பெயர் நிலைத்திருப்பது நாகர்கோவிலில் கிருஷ்ணன் கட்டிய வீட்டில். அதற்கு அவர் வைத்த பெயர் மதுரபவனம்.

ஹரிதாஸ், நல்லதம்பி இரண்டும் இணையத்தில் தேடினால் கிடைக்கும். இந்த விடுமுறையில் பிள்ளைகளோடும் தாத்தா பாட்டியோடும் உட்கார்ந்து பாருங்கள். கிருஷ்ணன் பேசும்போது, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் மதுரத்தின் முகத்தையும் கவனியுங்கள். அடுத்த கேள்வி அங்கே தயாராகிக்கொண்டிருக்கும்.