பொழுதைப் பகுத்து வாழ்ந்த அரசி

பொறுப்புகள் பெருகப் பெருக, உள்ளத்தின் அமைதி குறைந்துகொண்டே போகும் என்பது பலருடைய அனுபவம். ஒரு நாட்டின் ஆட்சிச் சுமையையும், அடுத்தடுத்து வந்த குடும்பத் துயரங்களையும் ஒருசேரத் தாங்கியபடியே உள்ளத்தின் சமநிலையைக் காத்துக்கொண்டவர் மால்வா நாட்டு அரசி அகல்யாபாய் ஹோல்கர்.

1725-ஆம் ஆண்டு, மகாராஷ்டிரத்திலுள்ள சௌண்டி என்னும் சிற்றூரில், கிராமத் தலைவர் ஒருவரின் மகளாக அவர் பிறந்தார். மராட்டியத் தளபதி மல்ஹார்ராவ் ஹோல்கரின் மகன் கண்டேராவுக்கு வாழ்க்கைப்பட்டார். 1754-இல் கும்பேர் கோட்டை முற்றுகையில் கணவர் உயிரிழந்தார். உடன்கட்டை ஏறத் துணிந்த மருமகளை மல்ஹார்ராவ் தடுத்து, தமது பொறுப்புகளில் பங்குகொள்ளச் செய்தார். 1766-இல் அவரும் மறைந்தார். அடுத்த ஆண்டே அகல்யாபாயின் ஒரே மகன் மாலேராவும் காலமானார். துயரம் ஆறுமுன்பே ஆட்சிப் பொறுப்பு அவருடைய தோள்களில் வந்து சேர்ந்தது.

அச்சுமை முழுவதையும் அவர் தனியே சுமக்க முற்படவில்லை. படைத் தலைமையைத் துகோஜி ஹோல்கரிடம் நம்பிக்கையுடன் ஒப்படைத்துவிட்டு, நர்மதைக் கரையிலுள்ள மகேசுவரத்தைத் தலைநகராகக் கொண்டு உள்நாட்டு நிர்வாகத்தைத் தாம் கவனித்தார்.

அவருடைய அன்றாட ஒழுங்கை, ஆங்கிலேய அதிகாரி சர் ஜான் மால்கம், மால்வா மக்களிடம் கேட்டறிந்து, 1823-இல் வெளிவந்த தமது நூலில் பதிவு செய்துள்ளார். பொழுது புலர்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே எழுந்து அரசி வழிபாட்டில் அமர்வார். பின்னர் குறித்த நேரம்வரை சாஸ்திர நூல்களைச் செவிமடுப்பார், தானம் வழங்குவார், அந்தணர்களுக்குத் தம் கையாலேயே உணவளிப்பார். அதன் பிறகே எளிய மரக்கறி உணவு. மீண்டும் வழிபாடு, சிறிது நேரம் ஓய்வு. பிற்பகல் 2 மணியளவில் அரசவைக்கு வந்து மாலை 6 மணிவரை அலுவல்களைக் கவனிப்பார். அடுத்த இரண்டு மூன்று மணி நேரம் வழிபாட்டுக்கும் எளிய உணவுக்கும் உரியது. இரவு 9 மணிக்கு மீண்டும் தொடங்கும் அலுவல் 11 மணியோடு முடிவுறும். நோன்புகள், திருவிழாக்கள், நாட்டின் அவசர நிலைமைகள் ஆகியவை நேர்ந்தாலன்றி இம்முறை மாறியதில்லை.

ஆக, அரசாங்க அலுவல்களுக்கு அவர் ஒதுக்கியது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். அந்த நேரத்தில் மனம் முழுவதும் அதிலேயே நின்றது. குடிமக்களின் முறையீடுகளை நேரிலேயே கேட்டார். மிதமான வரியை வலியுறுத்தினார். கணவனை இழந்த பெண்களின் சொத்துரிமையைக் காத்தார். காசி விசுவநாதர் ஆலயம் அவரால் மீண்டும் எழுந்தது. கயை, சோமநாதம் முதலிய தலங்களிலும் அவரது திருப்பணிகள் விளங்கின. அதிகாரத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொரு செயலுக்கும் தாம் இறைவனிடம் கணக்குச் சொல்ல வேண்டியவர் என்று அவர் கருதினார். ஆகவே வழிபாடும் அலுவலும் அவருக்கு ஒன்றையொன்று தாங்கும் இரு கரங்களாயின.

இத்தகைய ஒழுங்கு துயரத்தை வராமல் தடுத்துவிடவில்லை. பேரனை இழந்த வேதனைக்குப் பின், 1791-இல் மருமகன் யசுவந்தராவ் பான்சே இறந்தார். அருமை மகள் முக்தாபாய், தாய் மன்றாடியும் கேளாமல், உடன்கட்டை ஏறினார். அகல்யாபாய் ஏறத்தாழ மூன்று நாட்கள் உணவின்றி, பேச்சின்றி, துயரில் ஆழ்ந்திருந்தார். நாட்டை ஆள்பவர் என்பதற்காக அவர் தாயாக அழுவதை மறைத்துக்கொள்ளவில்லை. பின்னர் தேறி எழுந்து, மறைந்தவர்களுக்கு அழகியதொரு நினைவு மண்டபம் எழுப்புவதில் ஆறுதல் கண்டார். தமது கடமைகளையும் மீண்டும் மேற்கொண்டார். 1795 ஆகஸ்டு 13-ஆம் நாள் மறையும்வரை மக்கள் நலனே அவருடைய நோக்கமாக இருந்தது.

கடமைகள் நம் விருப்பப்படி குறைவதில்லை. ஆனால் வழிபாடு, உணவு, ஓய்வு, உழைப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் உரிய நேரத்தை அளித்து, பிறரிடம் ஒப்படைக்கத் தக்கதை ஒப்படைத்து, எஞ்சியதை இறைபணியாக ஏற்பவருக்குச் சுமையின் கடுமை குறைகிறது. துயரம் வீழ்த்தும்போதும் திரும்பி வந்து நிற்பதற்கு அவருக்கு ஓர் இடம் இருக்கிறது. அகல்யாபாய்க்கு அந்த இடமாக அமைந்தது, நாள்தோறும் வைகறையில் அவர் தொடங்கிய வழிபாடு.