கோட்டை வாத்தியமும் முத்துசுவாமி தீட்சிதரும்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவில் அமைந்திருப்பது எங்கள் அலுவிகாரை. பல தலைமுறைகளாக வாய்மொழியாகவே வழங்கிவந்த திரிபிடகம், கி. மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில் இங்குள்ள குகை விகாரையிலேதான் ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. செவிவழி வந்த செல்வம் அழியாதிருக்க வேண்டுமாயின், அதனை ஏட்டில் ஏற்றுவோரும் வேண்டும். ஏட்டிலுள்ளதை மீண்டும் நாவில் ஏற்றுவோரும் வேண்டும். இவ்வுண்மையை இவ்வூர் எனக்கு இளமையிலேயே கற்பித்தது. ஆயினும் அப்பாடத்தை நான் செவ்வையாகக் கற்கவில்லை என்பதை, என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் எனக்கு உணர்த்தினான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், இம்மாவட்டத்துப் பாடசாலையொன்றில் நான் தமிழாசிரியனாக இருந்தேன். வாணி விழாவுக்கான ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மேல் வகுப்பு மாணவன் ஒருவன் தன் கிற்றாரை மடியில் வைத்துச் சுருதி கூட்டி, பாட்டின்றி வெறும் மெட்டு ஒன்றை வாசிக்கத் தொடங்கினான். இரண்டு அடி செல்லுமுன்பே அம்மெட்டு இன்னதென அறிந்துகொண்டேன். அஃது ஆங்கிலேயரின் அரச வாழ்த்துப் பாடலின் மெட்டு. 1848ஆம் ஆண்டு மாத்தளையில் எழுந்த கிளர்ச்சியை அடக்க வந்த ஆங்கிலப் படையினால் எங்கள் விகாரையின் ஏடுகளும் அழிவுற்றன என்பதைக் கேட்டு வளர்ந்தவன் நான். கலைமகள் திருமுன்னிலையில் அந்நிய அரசின் வாழ்த்தை இசைப்பது தகாது என்று சற்றுக் கடுமையாகவே கூறி அவனைத் தடுத்துவிட்டேன். அவன் மறுமொழி கூறவில்லை. கிற்றாரைத் துணியுறையில் இட்டுக்கொண்டு வெளியேறினான். விழா நாளன்று அவன் மேடையேறவுமில்லை.

இசையில் வல்ல என் நண்பர் ஒருவர் இதனைக் கேள்வியுற்று, அம்மாணவன் வாசித்தது முத்துசுவாமி தீட்சிதர் இயற்றிய ‘சந்ததம் பாஹிமாம்’ என்னும் பாடலாகும் என்று எனக்கு எடுத்துரைத்தார். ஒரு காலத்தில் இசை பயின்ற அவன் பாட்டியே அதனை அவனுக்குக் கற்பித்திருந்தார். நான் நாணித் தலைகுனிந்தேன். அன்று தொடங்கியதே தீட்சிதர் வரலாற்றில் எனக்குள்ள ஈடுபாடு. கற்றறிந்தவற்றை இளைய தலைமுறையினரோடு பகிர்ந்துகொள்வது, நான் செய்த பிழைக்குக் கழுவாயாகவும் அமையக்கூடும்.

தியாகராசர், சியாமா சாத்திரிகள், முத்துசுவாமி தீட்சிதர் ஆகிய இசை மும்மணிகளும் திருவாரூரில் தோன்றியவர்கள். அவர்களுள் இளையவரான தீட்சிதர் பிறந்தது 1775ஆம் ஆண்டு. தந்தையார் இராமசுவாமி தீட்சிதர், அம்சத்துவனி இராகத்தைக் கண்டு தந்த பேரறிஞர். நெடுங்காலம் மகப்பேறின்றி வருந்திய பெற்றோர், வைத்தீசுவரன் கோயிலில் எழுந்தருளியுள்ள முத்துக்குமார சுவாமியை வேண்டிப் பெற்ற பிள்ளையாதலின் அப்பெயரையே இட்டனர். பின்னர்ச் சின்னசுவாமி, பாலுசுவாமி என்னும் தம்பியர் இருவரும், பாலாம்பாள் என்னும் தங்கையும் பிறந்தனர். இளமையிலேயே முத்துசுவாமி வடமொழியிலும், இசையிலும், வீணையிலும் தேர்ச்சி பெற்றார்.

அக்காலத்திலே சென்னைக்கு வடக்கேயுள்ள மணலியில் முத்துகிருஷ்ண முதலியார் என்னும் செல்வர் வாழ்ந்தார். ஆங்கிலக் கும்பினியாரோடு துபாஷாகத் தொடர்புடையவராயினும் நம் கலைகளிடத்து மாறாத பற்றுக் கொண்டவர் அவர். அவருடைய அழைப்பை ஏற்று இராமசுவாமி தீட்சிதர் குடும்பத்தோடு மணலிக்குக் குடிபெயர்ந்தார். முதலியாரின் மைந்தர் வேங்கடகிருஷ்ண முதலியார், தீட்சிதர் சகோதரர்களைச் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் செல்வதுண்டு. அங்கே கும்பினிப் படையின் பாண்டு வாத்தியக் குழுவினர் இசைத்த மெட்டுகள் அவர்கள் செவியில் விழுந்தன. அரச வாழ்த்து, படைவீரர் நடைப்பாட்டு, அயர்லாந்து, ஸ்கொத்லாந்து நாட்டு நடன மெட்டுகள் எனப் பலவும் அவற்றுள் இருந்தன.

கோயில் மண்டபத்தில் நாகசுரமும் வீட்டில் வீணையும் கேட்டு வளர்ந்த ஓர் அந்தண இளைஞர், பீரங்கிகள் நிறைந்த கோட்டையில் அந்நியரின் வாத்திய இசையைக் கேட்டு நிற்கும் காட்சியைச் சிறிது எண்ணிப் பாருங்கள். வெறுத்து ஒதுங்கியிருப்பினும் அவரைக் குறை கூறுவார் இலர். மயங்கித் தம் மரபை மறந்திருப்பினும் வியப்பதற்கில்லை. அவரோ இவ்விரண்டும் செய்யாது, அம்மெட்டுகளைத் தம் உள்ளத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்.

மணலிக்கு வந்த சிதம்பரநாத யோகி என்பவர், முத்துசுவாமியைத் தம்மோடு காசிக்கு அனுப்புமாறு கேட்டார். பிரிய மனமின்றியே பெற்றோர் இசைந்தனர். காசியில் பல ஆண்டுகள் தங்கி, குருவினிடம் ஸ்ரீவித்தை உபாசனையும் வேதாந்தமும் பயின்ற தீட்சிதர், வடநாட்டுத் துருபத இசையையும் கேட்டுத் தேர்ந்தார். அவ்விசைக்கே உரிய நிதானமும் ஆழமும் பிற்காலத்தில் அவருடைய கீர்த்தனைகளின் இயல்பாயின. குரு சமாதியடைந்தபின் தென்னாடு திரும்பியவர், திருத்தணியில் முருகன் சந்நிதியில் தியானத்தில் அமர்ந்திருந்தபோது, முதியவர் ஒருவர் தோன்றி அவர் வாயில் கற்கண்டு இட்டு மறைந்தார் என்றும், அப்பொழுதே பாட்டுப் பிறந்தது என்றும் கூறுவர். ‘குருகுக’ என்னும் முத்திரை அன்று தொட்டு அவர் பாடல்களில் இடம்பெறலாயிற்று.

அதன்பின் அவர் வாழ்வு ஒரு நீண்ட தல யாத்திரையாயிற்று. காஞ்சி, திருவாரூர், தஞ்சை, மதுரை எனச் சென்ற இடந்தோறும் அவ்வத் தலத்துத் தெய்வத்தைப் பாடினார். திருவாரூரில் கமலாம்பிகைமீது நவாவரணக் கீர்த்தனைகளையும், கோள்கள்மீது நவக்கிரகக் கீர்த்தனைகளையும் இயற்றினார். தந்தையார் தந்த அம்சத்துவனியில் அவர் அமைத்த ‘வாதாபி கணபதிம்’ இன்றும் எத்தனையோ கச்சேரிகளுக்கு மங்கலத் தொடக்கமாக விளங்குகின்றது.

இத்தகைய மேதையே, கோட்டை வாத்திய மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் புனைந்தார். ஏறத்தாழ 40 பாடல்கள் அவ்வகையில் வழங்குகின்றன. மேல்நாட்டாரின் ‘நோட்டு’ என்னும் சொல்லைச் சேர்த்து அவற்றை ‘நோட்டுச் சுரம்’ என்று அழைத்தனர். மேல்நாட்டு இசையின் பேரளவு எனப்படும் ஏழு சுர வரிசை, நம் சங்கராபரணத்தின் சுர வரிசையோடு ஒத்தது. ஆதலின் அம்மெட்டுகள் சங்கராபரணத்தின் இல்லத்திலே விருந்தாளிகளாகத் தங்கின. ஆனால் கமகம் என்னும் அசைவு இல்லாமல், ஒவ்வொரு சுரமும் நேராக நின்று ஒலிக்கும் மேல்நாட்டு இயல்பைத் தீட்சிதர் மாற்றவில்லை. விருந்தாளியின் உடையைக் களையாமல், நெற்றியில் திருநீறு மட்டும் இட்டார் எனலாம்.

எடுத்துக்காட்டாகச் சிலவற்றைக் காண்போம். அயர்லாந்து நடன மெட்டு ஒன்று ‘வந்தே மீனாட்சி’ ஆயிற்று. ஆங்கிலக் கிரனேடியர் படையினரின் நடைப்பாட்டு முருகனைப் போற்றும் பாடலாயிற்று. அரச வாழ்த்து, ‘சந்ததம் பாஹிமாம்’ என அம்பிகையின் துதியாயிற்று. இம்மூன்றாவது மாற்றமே என்னை மிகவும் சிந்திக்கச் செய்தது. மூலப்பாடல், மன்னனைக் காக்குமாறு இறைவனை வேண்டுவது. தீட்சிதரின் பாடலோ, தன்னை எக்காலமும் காக்குமாறு இசைவடிவாகிய சியாமளையை வேண்டுவது. மெட்டு அதுவே. ஆயின் மன்னன் இருந்த இடத்தில் அவன் இல்லை. எளிய அடியவன் ஒருவன் அன்னையின் முன் நிற்கின்றான். ஆதிக்கத்தின் இசையை எதிர்த்து முழங்காமலே அதன் ஆதிக்கத்தை நீக்கிவிட்ட அருஞ்செயல் இது. மாத்தளையில் பிறந்த நான் அம்மெட்டின்மீது கொண்டிருந்த கசப்புக்கு, நான் பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே மருந்து தயாராக இருந்தது.

ஒரு மெட்டு பலர் கையில் பலவாறு மறுபிறப்பு எடுப்பது உலகெங்கும் காணப்படுவதே. 1745ஆம் ஆண்டு இலண்டன் நாடக அரங்கில் பாடப்பெற்றுப் புகழடைந்த இவ்வரச வாழ்த்தின் மெட்டு, செர்மானிய நாட்டில் வேறு சொற்களோடு வழங்கியது. அமெரிக்காவில் 1831ஆம் ஆண்டு முதல் தேசபக்திப் பாடலாயிற்று. 1803ஆம் ஆண்டு பீத்தோவன் அதே மெட்டைக் கருவாகக் கொண்டு பியானோவுக்கு ஏழு மாற்றுருவங்களை அமைத்தார். பீத்தோவன் தீட்சிதருக்கு ஐந்து வயது மூத்தவர். ஒருவர் பெயரை மற்றவர் அறியார். எனினும் வியன்னாவில் ஒருவரும் தமிழகத்தில் ஒருவரும் ஒரே மெட்டை எடுத்துத் தத்தம் மரபின் உளிகொண்டு செதுக்கினர். அவ்வாறே, மொஸார்ட் 12 மாற்றுருவங்கள் செய்த பிரெஞ்சுச் சிறுவர் பாட்டின் மெட்டில் அமைந்தது ‘சியாமளே மீனாட்சி’. உலகெங்கும் குழந்தைகள் விண்மீனைப் பாடும் மெட்டும் அதுவே.

இந்நோட்டுச் சுரங்களைச் சிறுவர் விளையாட்டு என்று தள்ளுவோர் உண்டு. தீட்சிதரின் பெருமைக்கு இவை இழுக்கு என எண்ணுவோரும் உண்டு. அவர்கள் கீவளூர் இறைவனை அவர் பாடிய ‘அக்ஷயலிங்க விபோ’ என்னும் கீர்த்தனையை ஒருமுறை கேட்டல் வேண்டும். அதுவும் சங்கராபரணமே. ஆங்கே ஒவ்வொரு சுரமும் அசைந்து, வளைந்து, யானை நடைபோல் நகர்ந்து செல்கின்றது. ஒரே ஏழு சுரங்களில் இவ்விரண்டையும் படைக்க வல்லவர், அறியாமையால் அந்நிய மெட்டை நாடினார் என்று கூறவியலாது. தம் வீடு இன்னதெனத் தெளிவாக அறிந்தவரே அயலாருக்கு அச்சமின்றிக் கதவு திறப்பர்.

கோட்டையில் கேட்ட இசையினால் விளைந்த பயன் நோட்டுச் சுரத்தோடு முடிந்துவிடவுமில்லை. தம்பி பாலுசுவாமி, மணலியாரின் ஆதரவில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று, நம் இசைக்கு அக்கருவியைப் பழக்கினார். தீட்சிதரின் மாணவரான தஞ்சை வடிவேலு அக்கருவியில் பெரும் புலமை எய்தி, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளிடம் தந்த வயலினைப் பரிசாகப் பெற்றார். இன்று வயலின் இல்லாத கருநாடக இசைக் கச்சேரியை நாம் கற்பனை செய்வதும் அரிது. அன்று அதனை அந்நியக் கருவி என்று ஒருவர் தடுத்திருப்பின், என்று எண்ணும்போதெல்லாம் துணியுறையில் இடப்பட்ட கிற்றார் ஒன்று என் கண்முன் தோன்றும்.

தீட்சிதரின் இறுதிக் காலம் எட்டயபுரத்தில் கழிந்தது. அவ்வூர் அரசவையில் பாலுசுவாமி வித்துவானாக இருந்தார். தம்பியைக் காணச் செல்லும் வழியில், வறண்ட நிலங்கண்டு மனமிரங்கி அமிர்தவர்ஷிணி இராகத்தில் பாட, மழை பொழிந்தது என்பது கர்ண பரம்பரைச் செய்தி. 1835ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி, தீபாவளித் திருநாளன்று, மாணவர்கள் மீனாட்சியைக் குறித்த கீர்த்தனை ஒன்றைப் பாடக் கேட்டவாறே அவர் உயிர் நீத்தார். அவருடைய சமாதி எட்டயபுரத்தில் உள்ளது.

குருவிடமிருந்து மாணவருக்கு நாவழியாக வந்த அப்பாடல்களைப் பாலுசுவாமியின் பேரர் சுப்பராம தீட்சிதர் திரட்டி, சுரக் குறிப்புகளோடு ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ என்னும் பெருநூலாக 1904ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் அச்சிட்டார். நோட்டுச் சுரங்களையும் சிறியன என்று விலக்காமல் வேறொரு நூலில் சேர்த்தார். அலுவிகாரைக் குகையில் ஏடெழுதிய துறவிகளுக்கும், எட்டயபுரத்தில் சுரமெழுதிய அம்முதியவருக்கும் கவலை ஒன்றே: தம்மோடு இது மறைந்துவிடலாகாது.

என் மாணவன் இப்போது கொழும்பில் தொழில் பார்க்கின்றான். அவன் பாட்டி காலமாகிவிட்டார். அம்மையார் உயிரோடிருந்த காலத்தில் அவர் பேரன் அம்மெட்டை மேடையில் வாசிக்க நான் இடங்கொடுக்கவில்லை. அதனை இனி எவ்வகையாலும் ஈடுசெய்ய இயலாது. சென்ற தீபாவளிக்கு ஊர் வந்திருந்தவனை வீட்டுக்கு அழைத்து, நடந்ததற்கு வருத்தம் தெரிவித்தேன். அவன் சிரித்துவிட்டுக் கிற்றாரை எடுத்து ‘வாதாபி கணபதிம்’ வாசித்தான். முடிந்ததும் என் முகத்தைப் பார்த்தான். அன்று நான் தடுத்த அம்மெட்டையே வாசிக்குமாறு கேட்டுக்கொண்டேன். இம்முறை அவன் இறுதிவரை வாசித்தான்.